இல்லாத கடைக்கு விலை சொன்னவள்

அக்கா பஸ்ஸில் மட்டும் பொய் சொல்வாள். வீட்டில் சொல்ல மாட்டாள், கோயிலில் சொல்ல மாட்டாள், அப்பா கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டால்கூட உள்ளதைத்தான் சொல்வாள். ஆனால் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டாகப் பார்த்து என்னை ஜன்னல் ஓரம் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்தாள் என்றால், மூன்றாவதாக வந்து உட்காருகிறவர் மாட்டினார்.

"நாங்க சின்ன வெங்காயம் உரிச்சு பாக்கெட் போட்டுக் குடுக்கறோங்க. விடிஞ்சதும் சப்ளை."

நாங்கள் யாருக்கும் ஒரு வெங்காயம் உரித்துக் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டுக் குழம்புக்கு உரிக்கவே அவளுக்கும் எனக்கும் சண்டை நடக்கும்.

மூன்றாவதாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேலம்மா. பொம்பளப் புள்ளைங்க இப்படித்தான் முன்னுக்கு வரணும்" என்றார். நான் பெருமையாக அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் தொங்கிப் போயிருந்தது.

இறங்கியதும் கேட்டேன். "அதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல? அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"நல்லாருக்குன்னு சொல்ல வாய் இருந்தாப் போதும்டி பாப்பா. வேணுங்கறவ நல்லாருக்குன்னு சொல்ல மாட்டா. எங்க கெடைக்கும், என்ன வெலன்னு கேப்பா."

அக்காவின் பரீட்சை அவ்வளவுதான். தொழில் ஏற்கெனவே நடக்கிற மாதிரி முன்பின் தெரியாத ஆளிடம் சொல்ல வேண்டும். பாராட்டினால் அந்த யோசனை ஃபெயில். விலை கேட்டால் பாஸ். "நல்லா வருவம்மா" என்று யாராவது வாழ்த்திவிட்டால் அன்றைக்கு முழுவதும் சோறு இறங்காது அவளுக்கு.

போன கார்த்திகை மழையில் அக்கா காய்ச்சல் வந்து செத்துப்போனாள். இருபத்தாறு வயசு. அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் என்னால் ஒரு வரிகூட எழுத முடியாது. அதனால்தான் பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் சிறுவாச்சூருக்குப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் மக்காச்சோளம், கொஞ்சம் வெங்காயம். அம்மா நான் பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்னாலேயே இல்லை. அக்காவை அரியலூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் கட்டிக் கொடுத்தோம். கட்டிக் கொடுத்த முதல் ஆடிக்குப் பொண்ணை அழைத்துவர அப்பா போனார். ஆடி மாசம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம், ஏதாவது தைக்கிறேன் என்று சொல்லி, சீரில் கொடுத்த தையல் மெஷினையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். மெஷினைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் திரும்பிப் போக மாட்டாள் என்று. அப்பாவுக்கு ஆவணி பிறந்த பிறகுதான் தெரிந்தது.

அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, குடித்துவிட்டு வந்தால் அவளை அடிப்பார். அவர் அம்மா அந்த நேரம் பார்த்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். அக்கா இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், காய்கறி நறுக்கிக்கொண்டே. அப்பா கேட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அழுதாரா, கோபப்பட்டாரா, தெரியாது. ஆனால் ஊர் வாய் இருக்கிறதே. ஆடிக்கு வந்த பொண்ணு புரட்டாசியிலும் வாசல் தெளித்தால் கேட்க மாட்டார்களா?

ஒரு நாள் அப்பா சொன்னார். "தல தீபாவளிக்கு மாப்ள வருவாரு. சம்பந்தியம்மாவும் வரும். அன்னைக்கு அவங்களோட நீ கெளம்பணும். இல்ல, ஒன் கால்ல நிக்கற மாதிரி அதுக்குள்ள ஒரு தொழில் காட்டு. காட்டுனா நானே அவங்ககிட்ட பேசறேன். எதையும் காட்டாம நான் என்னன்னு பேசறது?"

"சரிப்பா" என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். யோசனைக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது. எதை முதலில் செய்வது என்பதுதான் பஞ்சாயத்து. கையில் ஒரு மெஷின், தைக்க நான் ஒருத்தி, நடுவில் தீபாவளி. தப்பானதை எடுத்துவிட்டால் இரண்டாவது தடவைக்கு நேரம் கிடையாது.

அதற்குத்தான் பஸ். டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது அல்லவா? பெரம்பலூர் போவோம், அங்கிருந்து வேப்பந்தட்டைப் பக்கம் போவோம், ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வருவோம். கண்டக்டர் ஒருவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "என்னம்மா, பஸ்ஸிலயே குடித்தனமா?" என்று கேட்டார். "ஆமாண்ணே, கதவு எண்ணு குடுங்க" என்றாள் அக்கா. அரியலூர் பஸ்ஸுக்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் முத்தின யோசனைகளை மட்டும்தான் அரியலூர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாள்.

எவ்வளவோ சொன்னாள். சிமெண்ட் லாரிகளுக்கு முன்னால் தொங்கவிடப் பழைய பட்டுப் புடவையில் குஞ்சம் செய்கிறோம் என்றாள். எழவு வீட்டுக்கு மூன்று வேளையும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று காலையில் ஒரு பெரியம்மாவிடம் சொன்னாள். அந்தப் பெரியம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். நான் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். "சிரிக்காதடி, இதுவும் ஒரு பதில்தான்" என்றாள்.

என் யோசனையும் ஒன்று இருந்தது. அரியலூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் நத்தை மாதிரிச் சுருண்ட கல் கிடைக்கும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். அந்தச் சுருளைத் துணிப் பையில் நூலால் போட்டேன். நீல நூல், உள்ளே வெள்ளை. என் கையால் செய்ததில் அதுதான் அழகு. அக்கா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில் ஒரு டீச்சர். பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இது எத்தனை கோடி வருஷத்துக் கல், எப்படி உண்டானது என்று வழி முழுக்கப் பாடம் எடுத்தார். "ரொம்ப கிரியேட்டிவ்மா. யாரு போட்டது? இந்தப் பொண்ணா? கை குடு" என்று எனக்குக் கை கொடுத்தார். அரியலூர் வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

"போச்சு" என்றாள் அக்கா.

"எதுக்குப் போச்சு? கை குடுத்தாங்கல்ல!"

"கைதான குடுத்தாங்க."

நான் வரும்போது அவளோடு பேசவே இல்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவள் அந்தப் பையில் புளியைப் போட்டு வைத்திருந்தாள். அப்போதுதான் பேசினேன், கெட்ட வார்த்தை. அவள் சாவகாசமாகச் சொன்னாள். "செத்தா போச்சு அது? தூங்கட்டும்டி. எல்லாப் புள்ளையும் ஒரே நேரத்துல முழிச்சிருந்தா எவ சமாளிக்கறது?"

தொப்பி வந்தது அதற்கு அடுத்த வாரம். யோசித்து வரவில்லை. சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அன்றைக்குப் பார்க்க வேண்டும் கூட்டத்தை. குலசாமி என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள், குழந்தைகளுக்கு மொட்டை போடுவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் புது மொட்டையோடு ஒரு குழந்தை. ஜன்னல் வழியாக வெயில் நேரே அதன் மண்டையில் விழுந்தது. காய்ந்த சந்தனம் வெடித்துப்போய்க் குழந்தை வீறிட்டுக் கத்துகிறது. அந்த அம்மா முந்தானையை மூடினால் காற்றில் பறக்கிறது.

அக்கா வாயைத் திறந்தாள். "நாங்க மொட்டத் தலைக்குன்னே மெத்துனு துணியில தொப்பி தைக்கிறோங்க."

"வச்சிருக்கியா? இப்ப ஒண்ணு குடு."

அந்த ஒரு தடவைதான் அக்கா பஸ்ஸில் திணறி நான் பார்த்தேன். ஒரு நொடிதான். சட்டென்று என் துப்பட்டாவை உருவி, பல்லால் கடித்து ஒரு முழம் கிழித்தாள். நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டுக் குழந்தை தலையில் கவிழ்த்தாள். பொங்கலுக்கு எடுத்த துப்பட்டா அது! குழந்தை அழுகையை நிறுத்தி மேலே கண்ணைச் சுழற்றித் தன் தலையைப் பார்க்கப் பார்த்தது. அந்த அம்மா நல்லாருக்கு என்று சொல்லவே இல்லை. "இன்னொண்ணு இருக்கா? பின்னாடி எங்க வூட்டுக்காரர்கிட்ட பெரியவன் இருக்கான், அவனுக்கும் மொட்டதான்" என்றார்.

என் துப்பட்டா மொத்தமும் போயிற்று. அக்கா என் தொடையில் கிள்ளினாள், சந்தோஷம் வந்தால் அப்படித்தான் கிள்ளுவாள்.

அதே வாரம் அரியலூர் பஸ்ஸில் வெங்காயமும் பாஸாகிவிட்டது. மெஸ் நடத்துகிற ஒரு அண்ணன், "உரிச்சது கிலோ என்ன வெல? டெய்லி தருவியா?" என்று கேட்டுவிட்டார். போன் நம்பர்கூடக் கொடுத்தார். இப்போது இரண்டு யோசனை முழித்துக்கொண்டு நின்றன. வெங்காயம்தான் என்றேன் நான். தினமும் வியாபாரம், டவுன் ஆள், கொல்லையிலேயே வெங்காயம் இருக்கிறது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அக்கா தலையை ஆட்டினாள். "வெங்காயம் டெய்லி கேக்கும் பாப்பா. ஒரு நாள் சொதப்புனா மெஸ்ஸுக்காரர் மறுநாள் வேற ஆளப் பாத்துக்குவாரு. தொப்பிய இந்த வெள்ளிக்கெழம சொதப்பலாம். திங்கக்கெழம வர்ற கூட்டம் வேற கூட்டம், நம்ம சொதப்புனது அவங்களுக்குத் தெரியாது. நமக்கு இப்ப ஒண்ணுமே தெரியாதுல்ல? தப்பு பண்ண எடம் இருக்கறதா பாத்து மொதல்ல எறங்குவோம்."

அப்படியே சொதப்பினோம். தலை அளவு என்ன என்று தெரியவில்லை, அளவெடுக்க வீட்டில் குழந்தையும் இல்லை. எவர்சில்வர் சொம்பைக் கவிழ்த்து வைத்து அதற்குத் தைத்தேன். அப்பாவின் பழைய வேட்டி, துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆனது. வெள்ளிக்கிழமை கோயில் வாசலிலேயே தாம்பாளத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றோம். ஒரு பாட்டி வந்து பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, சாமிக்கு முடி குடுத்துட்டு வர்ற தலைய வாசல்லயே மூடச் சொல்றீங்களா? சந்தனம் தெரியாம போட்டோ எப்படி எடுக்கறது?"

போட்டோவுக்கு முன்னால் தொப்பியைப் போட்ட ஒரு குழந்தைக்குச் சந்தனம் மொத்தமும் துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதன் அப்பா எங்களை அடிக்காத குறை. பெரிய பையன்களுக்குச் சொம்பு அளவுத் தொப்பி உச்சந்தலையில் இட்லி மாதிரி உட்கார்ந்தது. நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, வேன்கள் நிறுத்துகிற இடத்துக்குப் போனாள். போட்டோ முடிந்து, சாப்பாடு முடிந்து, வெந்துபோன தலைகளோடு ஜனம் வேனில் ஏறுகிற இடம் அது. அங்கே ஒருவரும் சந்தனத்தைப் பற்றிப் பேசவில்லை. "என்ன வெல?" என்றார்கள்.

திங்கட்கிழமைக்குள் மூன்று சைஸ் ஆகிவிட்டது. சின்ன சொம்பு, பெரிய சொம்பு, குடம். மாதிரிக்குப் பாத்திரங்களையும் கூடவே தூக்கிக்கொண்டு போவோம். வேண்டுதலுக்கு மொட்டை போட்ட பெரிய ஆம்பளைகள் வந்து, "எனக்குக் குடம் ஒண்ணு குடும்மா" என்று கேட்பார்கள். நத்தைச் சுருளைத் தொப்பி உச்சியில் ஒரே ஒரு நூலில் போடச் சொன்னாள் அக்கா. "அது முழிச்சுக்கிச்சு பாத்தியா?" என்றாள். நத்தைப் பைக்காக நான் அவளோடு பேசாமலிருந்ததை எல்லாம் அன்றைக்குச் சேர்த்துப் பேசித் தீர்த்தேன்.

ஐப்பசி பிறந்தபோது அப்பாவே வேட்டித் துணி வாங்கி வந்து போட ஆரம்பித்தார். துணியைத் தூக்கி மெஷின் மேல் வைத்துவிட்டுப் போவார். அக்கா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

தலை தீபாவளிக்கு முதல் நாள் மாமாவும் அவர் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காபியைக் கையில் வாங்கியதுமே மாமியார் ஆரம்பித்தார்.

"ஒம் மருமவ தொப்பி தச்சுத் தூள் கெளப்புறாளாமேன்னு சந்தையில ஒருத்தி சொல்லித்தான் சம்பந்தி எனக்கே தெரியும். எங்க ஊரு கோயில்லயும் மொட்டதான் போடறாங்க. அங்க வந்து செய்யட்டும். நாலு மிஷின்கூடப் போட்டுத் தரேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். "அதில்லைங்க சம்பந்தியம்மா. புள்ள சொந்தக் கால்ல நின்னுடுச்சு. இங்கயே இருக்கட்டும்னு..."

"சம்பாதிக்கிற பொண்ண எவனாவது பொறந்த வூட்டுல வுட்டுட்டுப் போவானா? நல்லா கேக்கறீங்களே! அந்த மிஷினே எங்க வூட்டுது. சீர்ல வந்துச்சு. எங்க வூட்டுலேருந்துதான தூக்கிட்டு வந்தா?"

தொழில் இல்லை என்றால் போக வேண்டும். தொழில் இருந்தாலும் போக வேண்டும். அப்பா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை, நீங்க கேக்கறது என்னையா, தொப்பியையா?"

"ரெண்டும் ஒண்ணுதானடி?"

"இல்லைங்க அத்தை. ரெண்டும் வேற வேற." உள்ளே போய் வெட்டி வைத்த துணிகள், அளவுக்கு வெட்டிய அட்டைகள், நூல்கண்டுகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து மெஷின் மேல் வைத்தாள். "தொழில எடுத்துக்கோங்க. மிஷினையும் எடுத்துக்கோங்க. கோயில் வாசல்ல விக்காதீங்க, வண்டி ஏறுற எடத்துல நில்லுங்க. எதுனா புரியலைன்னா போன் பண்ணுங்க, சொல்லித் தரேன். நான் வரல. எனக்கு அடுத்த வேல இருக்கு."

"வெளையாடறியா?"

"இந்தாங்க, சொம்பையும் எடுத்துக்கோங்க."

அதுவரைக்கும் போனை நோண்டிக்கொண்டிருந்த மாமா எழுந்தார். அக்காவைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை, வா என்று. அவர் நேராகப் போய் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "டிக்கியில வைக்கலாம்மா. மேல் பலகைய மட்டும் கழட்டணும்" என்றார்.

அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் போய் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். பாரம் தூக்குகிறவர் மாதிரி இல்லை, வீட்டில் புகுந்த பாம்பை வெளியே கொண்டுபோய் விடுகிறவர் மாதிரி இருந்தார்.

கார் போன பிறகு நான்தான் மெஷினுக்காக அழுதேன். அக்கா எனக்கும் அப்பாவுக்கும் இலை போட்டாள். மாப்பிள்ளைக்கு என்று ஆக்கின கறி முழுவதையும் நாங்கள் மூன்று பேரும் தின்றோம். "வெங்காயத்துக்கு மிஷின் வேணாம், கத்தி போதும்" என்றாள் சாப்பிட்டுக்கொண்டே. மெஸ்ஸுக்காரருக்கு அப்போதே போன் போட்டாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் வெங்காயம் உரித்தோம். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் நாலு பேர் வந்தார்கள். கண்ணெரிச்சல் போக எல்லோரும் சத்தமாக ஊர்க்கதை பேசுவோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கூட்டமே அழுதுகொண்டு சிரிக்கிற மாதிரி இருக்கும். அப்பாவும் சாயங்காலத்தில் வந்து உட்கார்ந்து உரிப்பார். மாமியாரிடமிருந்து ஒரு போனும் வரவில்லை. தொப்பி அங்கே ஓடவில்லை என்று கேள்விப்பட்டோம். "பாவம், எங்க நின்னு வித்தாங்களோ" என்றாள் அக்கா. நிஜமாகவே வருத்தப்பட்டாள், அந்தத் தொப்பிக்காக.

அடுத்த கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. பெரம்பலூர், அப்புறம் திருச்சி. நான் அதை எழுதப் போவதில்லை.

வாசலில் பந்தல் போட்டு அவளைக் கிடத்தியிருந்தபோது அதே கார் வந்தது. மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "வாக்கப்பட்ட ஊரு மண்ணுக்குத்தான் போவணும். வண்டி சொல்லிட்டு வந்திருக்கோம். பொறந்த வூட்டுல போட்டா ஊரு என்ன சொல்லும்?"

பெரியவர்கள் இரண்டு பேர் அதுதானே முறை என்றார்கள். அப்பா கால்மாட்டில் நின்றிருந்தார். ஊருக்குப் பயந்த மனுஷர் அவர். என்ன சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

"அன்னைக்கு வந்து ஒங்களுக்கு வேணுங்கறதக் கேட்டு எடுத்துட்டுப் போனீங்க சம்பந்தியம்மா. நானும் ஒரு பக்கம் புடிச்சு ஏத்திவுட்டேன். அதோட முடிஞ்சுது. வாய்க்கரிசி போடறதுன்னா போட்டுட்டுப் போங்க. எம் பொண்ணு இங்கதான் இருப்பா."

மாமா வாய்க்கரிசி போட்டார். கார் திரும்பிப் போகும்வரை அப்பா அதே இடத்தில் நின்றார். சத்தம் ஓய்ந்ததும் வந்து அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் காது பக்கம் குனிந்தார்.

"போயிட்டாங்க தாயி. இனிமே ஒன்னய கூப்புட யாரும் வரமாட்டாங்க. நீ தூங்கு."